மழையும் பந்தயக் கணக்கும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் புகைவண்டி நிலையத்திற்கு வடக்கே காரியவட்டம் விளையாட்டரங்கு அமைந்துள்ளது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அங்கு இந்தியாவும் நியூசிலாந்தும் கிரிக்கெட்டுப் பந்தயம் ஆடின. 20 ஓவர்களுக்கென வகுக்கப்பட்ட ஆட்டம் மழையினால் 8 ஓவர்களாகச் சுருக்கப்பட்டது. இந்தியா 67 ஓட்டங்களும் நியூசிலாந்து 61 ஓட்டங்களும் எடுத்தன. இரு கட்சிகளுக்கும் ஓவர்கள் சமமாகக் கிடைத்தமையால் வெற்றியைத் தீர்மானிப்பதில் சிக்கல் எழவில்லை. ஆயின், ஒரு கட்சி முழுமையாக ஆடி முடித்தபின் மழை குறுக்கிட்டால், மற்றக் கட்சிக்கு விதிக்க வேண்டிய இலக்கு யாது? இவ்வினாவிற்குப் புள்ளியியலே விடை தருகிறது.

பழைய முறையின் குறை

1992ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதிப் பந்தயம் சிட்னியில் நடைபெற்றது. தென்னாப்பிரிக்கா வெற்றி பெற 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் மழை பெய்தது. அதன் பயனாக இரண்டு ஓவர்கள் குறைக்கப்பட்டன. இங்கிலாந்து மிகக் குறைவாக ஓட்டங்கள் எடுத்திருந்த ஓவர்களையே கழிப்பது அன்றைய விதியாகும். ஆகவே இலக்கில் ஒரே ஓட்டம் குறைந்தது. எஞ்சிய ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் எடுக்க வேண்டியதாயிற்று. மழை நின்றும் நியாயம் கிடைக்கவில்லை.

புதிய முறைகள்

இக்குறையைப் போக்க, டக்வொர்த், லூயிஸ் என்னும் இரு ஆங்கிலப் புள்ளியியலறிஞர்கள் வகுத்த முறை 1997ஆம் ஆண்டு முதன்முதலாகக் கையாளப்பட்டது. எஞ்சியுள்ள ஓவர்கள், இழக்காத விக்கெட்டுகள் ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரு கட்சியின் 'மூலவளம்' எனக் கொள்வதே இதன் அடிப்படையாகும். முந்தைய பந்தயங்களின் விவரங்களைக் கொண்டு இதற்கெனப் பட்டியல் தயாரிக்கப்பட்டது.

ஓர் உதாரணம் காண்போம். முதற்கட்சி 50 ஓவர்களில் 240 ஓட்டங்கள் எடுத்ததாகக் கொள்வோம். இரண்டாவது கட்சி ஆடத் தொடங்கும் முன்னரே மழை பெய்து, அதற்கு 25 ஓவர்களே கிடைக்கின்றன. பாதி ஓவர்களாயினும் 10 விக்கெட்டுகளும் கைவசம் இருப்பதால் அக்கட்சி துணிந்து ஆடலாம். எனவே அதன் மூலவளம் 50 சதவீதமன்று. பட்டியல் ஒன்றின்படி 66.5 சதவீதமாகும். 240இல் 66.5 சதவீதம் 159.6 ஆதலால், பின்னத்தை விடுத்து ஒன்று கூட்டினால் இலக்கு 160 ஓட்டங்கள். வெறும் விகிதக் கணக்கின்படி 121 என விதித்திருந்தால், அது முதற்கட்சிக்கு அநீதியாகும்.

கேரளப் பொறியாளரின் பணி

திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி. ஜெயதேவன் வேறொரு முறையை வகுத்து, 2002ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். ஓட்டங்கள் சேரும் வேகம் ஆட்டம் முழுவதும் ஒரே சீராக இராது. தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் வேறுபடும். இவ்வேறுபாட்டைக் கருதி அவர் இருவகை வளைகோடுகளை அமைத்தார். இடையில் மழை குறுக்கிடும்போது ஒன்றும், குறைந்த ஓவர்களுக்கு இலக்கு விதிக்க மற்றொன்றும் பயன்படுகின்றன. சர்வதேச மன்றம் 2012ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து, பழைய முறையே தொடரட்டும் என முடிவு செய்தது. எனினும் இந்திய உள்நாட்டுப் பந்தயங்களில் ஜெயதேவன் முறை இடம்பெற்றுள்ளது.

பயிருக்கு ஆண்டு முழுவதும் பெய்த மழையின் அளவு மட்டும் போதாது. எப்பருவத்தில் பெய்தது என்பதும் அறியப்பட வேண்டும் என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிவர். ஓட்டக் கணக்கிற்கும் இதுவே பொருந்தும். ஆசிரியர்கள் பள்ளிப் பந்தயங்களில் ஓவர்தோறும் எடுக்கப்படும் ஓட்டங்களையும் வீழும் விக்கெட்டுகளையும் மாணவரைக் கொண்டு குறிக்கச் செய்து, வரைபடமாகத் தீட்டச் செய்யலாம். சதவீதமும் சராசரியும் நியாயம் வழங்கும் கருவிகள் என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.