நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

கோலியனூர் வட்டாரத்தில் நவரை நெல் பெரும்பாலும் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பியது. நட்டது முதல் அறுப்பு நெருங்கும் வரை வயலில் தண்ணீர் தளும்ப நிற்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நெல் நீரை விரும்பும் பயிர்தான். நீரிலேயே கிடக்க வேண்டிய பயிர் அல்ல. பெரியவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்றது அதனால்தான்.

தேங்கிய நீருக்கடியில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மடக்கி உழுத தாளையும் தழையையும் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பில் எரிவதும் இதுவே. வயலிலோ பயிரின் தண்டு வழியாகவே வெளியேறிக் காற்றில் கலக்கிறது. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், இது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வலுவுள்ளது.

இதற்காக நம் விவசாயி மீது அளவுக்கு மீறிப் பழி விழுந்ததும் உண்டு. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குக் காட்டியது. 1991-ல் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஏ.பி.மித்ரா தலைமையில் விஞ்ஞானிகள் நம் வயல்களிலேயே அளந்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் தேறியது.

2070-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. தொழிலும் வருமானமும் வளர வேண்டிய நாட்டில் விளைச்சலைக் குறைத்து அதைச் சாதிக்க முடியாது. மகசூல் குறையாமல் வாயு குறைய வேண்டும்.

ஐ.ஆர்.8 நெல்லைத் தந்த பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய முறை சொல்கிறது. ஓர் அடி நீளமும் 4 முதல் 6 அங்குல அகலமும் உள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, வரப்போரமாக அரை அடி ஆழம் பதித்து, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்திலிருந்து, குழாயின் அடியில் நீர் மறைந்த பிறகே 2 அங்குல உயரம் பாய்ச்ச வேண்டும். மேலே வயல் காய்ந்து தெரிந்தாலும் வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கும். களை மிகுந்த வயலில் இன்னும் ஒரு வாரம் தள்ளித் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும், முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும், நீர் குறையவே கூடாது. குறைந்தால் பதர்தான் மிஞ்சும். பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகும். திருந்திய நெல் சாகுபடி செய்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கும் சம்பாவுக்கு இம்முறை அவ்வளவாகப் பலிக்காது. காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவை ஒரேயடியாக இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னும் வலுவான வாயு கிளம்பும். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுவது நல்லது.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு மிச்சம் உடனே கையில் தெரியும். மின் மோட்டார்காரருக்கு அப்படியல்ல. 1990 முதல் பாசன மின்சாரம் இலவசம். மோட்டார் ஓட்டம் குறைந்தால் அனல் மின் நிலையங்களில் நிலக்கரி மிச்சம், அவர் பைக்கு வரவு இல்லை. கிணற்றில் நீர் நிற்பதே அவருக்கு லாபம். வாயுவைக் குறைத்ததற்குப் பணம் தருவதாகச் சொல்லும் ‘கார்பன் கிரெடிட்’ திட்டங்கள் இப்போது நெல்லுக்கும் வந்துள்ளன. அவற்றில் சேருமுன் விவசாயிக்கு எத்தனை பங்கு, எந்தத் தேதியில் கிடைக்கும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் விலகலாமா, குத்தகை நிலமானால் பணம் யாருக்கு என்பதையெல்லாம் தமிழில் எழுத்தாகக் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.