தராசு கணனியோடு பேசவில்லையா? 'போர்மட்' செய்ய முன் பாருங்கள்

பெரும்போக அறுவடைக் காலத்தில் அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளில் ஒரு மணித்தியாலம் வேலை நின்றாலும் வாசலில் நெல் லொறிகள் வரிசையாகி விடும். அப்படியொரு நாளில் ஆலை வைத்திருக்கும் காக்கா ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, தராசுட கணக்கு கணனிக்கு வருகுதில்ல. பாக்க வந்த பொடியன் எல்லாத்தையும் போர்மட் பண்ணணும் எண்டு சொல்றான். செய்யவா?"

நான் வரும்வரை ஒன்றையும் தொட விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

இத்தகைய இடங்களில் தராசு, வயர், விண்டோஸ், நிறுவை மென்பொருள், அதன் தரவுக் கோப்பு எல்லாம் ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தது என்று தராசுப் பக்கமிருந்தே பார்த்து வர வேண்டும். தராசின் பெட்டியில் எண் சரியாகத் தெரிந்தது. ஆகவே தராசில் பிழையில்லை. அடுத்து வயர். இன்றைய கணனிகள் பலவற்றில் பழைய ஒன்பது ஊசி சீரியல் இணைப்பு இல்லை, யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றின் மூலமே தராசை இணைக்கிறார்கள். அந்த மாற்றியை வேறொரு துவாரத்தில் செருகினால் விண்டோஸ் பல வேளைகளில் அதற்குப் புதிய 'கொம்' இலக்கம் கொடுத்து விடும். மென்பொருளோ பழைய இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அங்கும் அதுதான் நடந்திருந்தது. யாரோ கைத்தொலைபேசியைச் சார்ஜ் பண்ண மாற்றியைக் கழற்றி, பிறகு பக்கத்துத் துவாரத்தில் செருகியிருக்கிறார். 'டிவைஸ் மெனேஜரில்' பார்த்தால் கொம் 3 இருந்த இடத்தில் கொம் 5. மாற்றியைப் பழைய துவாரத்தில் செருகியதும் வேலை தொடங்கியது. பத்து நிமிடம்!

இலக்கம் சரியாக இருந்தும் எடை வராவிட்டால் நிறுவை மென்பொருளை மூடிவிட்டு, 'புட்டி' என்ற இலவச மென்பொருளால் அந்தக் கொம் இலக்கத்தைத் திறந்து பாருங்கள். மூடாமல் திறக்க முடியாது, ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கே அது இடம் கொடுக்கும். கிறுக்கல் எழுத்துகள் வந்தால் வேக அமைப்பு பொருந்தவில்லை. தராசில் 9600 என்றால் இங்கும் 9600 இருக்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் வயரையும் மாற்றியையும் சந்தேகியுங்கள். மோட்டர் வயர்களோடு சேர்த்துக் கட்டி இழுத்த தராசு வயரும் தொல்லை தரும்.

எனக்கு வியர்த்தது அதற்குப் பிறகுதான். தரவுக் கோப்பைத் தேடினேன். மைக்ரோசொப்ட் எக்செஸ் கோப்பு, ஆறு வருடக் கணக்கு, விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி உட்பட. பிரதி எங்கே என்று கேட்டால், அதே கணனியின் இன்னொரு போல்டரில்! போர்மட் செய்திருந்தால் இரண்டும் போயிருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அமானிதமும் சேர்ந்தே போயிருக்கும்.

கோப்பின் அளவோ 2 ஜிகாபைட்டை நெருங்கியிருந்தது. எக்செஸ் கோப்பின் எல்லையே அதுதான். அதைத் தாண்டி ஒரு நிறுவையும் பதியாது. பதிவுகளை அழித்தாலும் கோப்பு தானாகச் சுருங்காது. எல்லோரும் மென்பொருளை விட்டு வெளியேறிய பின், முதலில் ஒரு பிரதி எடுத்து, அதன் பிறகே 'கொம்பெக்ட் அன்ட் ரிப்பெயார்' செய்ய வேண்டும். யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது எடுத்த பிரதியை நம்ப வேண்டாம். கோப்பின் அருகில் அதே பெயரில் சிறிய பூட்டுக் கோப்பு ஒன்று தெரிந்தால் அநேகமாக யாரோ உள்ளே இருக்கிறார். இந்தக் கோப்பை வைபை வழியாக இரண்டு மூன்று கணனிகளில் பாவிப்பதும் ஆபத்து. இணைப்பு இடையில் அறுந்தால் கோப்பு பழுதாகலாம். மின்வெட்டும் அப்படித்தான். தராசுக் கணனிக்கு யூ.பி.எஸ். ஆடம்பரமல்ல.

போர்மட்டில் இன்னொரு வினை உண்டு. புதிதாகப் போட்ட விண்டோஸ் அமெரிக்கத் திகதி முறையில் இருந்தால், சில மென்பொருள்களில் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகப் பதியும். 13ஆம் திகதி முதல் சரியாகவே பதிவதால் பிழை உடனே கண்ணில் படாது. மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போதுதான் தலை சுற்றும்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்து விட்டது. பழைய மென்பொருளுக்காக அதையே வைத்திருப்பவர்கள், தராசுக் கணனிக்கு இன்டர்நெட் தேவையில்லையென்றால் கழற்றி விடுங்கள்.

அன்று காக்காவுக்கு இரண்டு பென் டிரைவ் வாங்கச் சொன்னேன். வியாழன் மாலை கணக்கு மூடியதும் மாறி மாறி ஒன்றில் பிரதி. அந்த ஒன்று வீட்டுக்குப் போகும். மாதம் ஒரு தடவை அதை வீட்டுக் கணனியில் திறந்து கடைசி நிறுவை தெரிகிறதா என்று மகன் பார்க்கிறார். மாற்றி செருகிய துவாரத்தின் மேல் டேப் ஒட்டி, "தராசு மட்டும்" என்று காக்காவே எழுதி வைத்திருக்கிறார்.