தேங்காய் முதல் தோணி வரை

சிறு பொருளொன்றைக் கொடுத்துச் சற்றுப் பெரியதைப் பெற்று, அதனைக் கொடுத்து அதனினும் பெரியதைப் பெற்று, இவ்வாறே படிப்படியாக உயர ஒருவரால் இயலுமா? கனடா நாட்டு இளைஞர் கைல் மக்டொனால்டு 2005-ஆம் ஆண்டு ஜூலையில் இதனைச் செய்து பார்க்கத் தொடங்கினார். காகிதங்களைக் கோக்கும் சிவப்புக் கம்பி ஒன்றைக் கொடுத்து மீன் வடிவப் பேனா பெற்றார். பேனாவுக்குக் கதவுக் குமிழும், குமிழுக்கு அடுப்பும் கிடைத்தன. பதினான்கு மாற்றங்களுக்குப் பின், 2006 ஜூலையில், கிப்லிங் என்னும் சிற்றூரில் அவருக்கு ஒரு வீடு கிட்டியது.

இம்மாற்றங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. புகழ்பெற்ற பாடகர் ஒருவருடன் ஒரு பிற்பகலைக் கழிக்கும் வாய்ப்பைக் கொடுத்து, உள்ளே பனி பொழிவதுபோல் தோன்றும் கண்ணாடி உருண்டையை அவர் வாங்கினார். பேதைமை என்றே பலரும் எண்ணினர். ஆயின் அத்தகைய உருண்டைகளைச் சேர்த்து வந்த நடிகர் ஒருவர், அதற்கு ஈடாகத் திரைப்படத்தில் ஒரு வேடமே தந்தார். அவ்வேடத்துக்காகத்தான் கிப்லிங் ஊரார் வீட்டை அளித்தனர். பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை. அதனை வேண்டுபவர் உள்ளத்திலும் இருக்கிறது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. தேனையும் கிழங்கையும் கொடுத்து மீன் நெய்யும் நறவும் பெற்ற மக்களைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. மலையில் மிகுந்தது கடற்கரையில் அரிது. கடற்கரையில் மிகுந்தது மலையில் அரிது. இருவரும் இழக்கவில்லை, இருவரும் பெற்றனர்.

அந்தமானில் பத்துபஸ்தியில் வாழும் நம்மவர்க்கு இதன் சிறந்த சான்று கடல்வழியே எட்டும் தொலைவில் இருக்கிறது. சோழர் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளே அவை. அங்கு நெடுங்காலம் தேங்காயே நாணயமாக வழங்கிற்று. துணியின் விலையும் இரும்புக் கத்தியின் விலையும் தேங்காய்க் கணக்கிலேயே பேசப்பட்டன.

அத்தீவுகளுள் சௌரா சிறியவற்றுள் ஒன்று. பெருந்தோணி குடைதற்கேற்ற மரம் அங்கு அரிது. பானைக்குரிய களிமண்ணும் அண்டைத் தீவாகிய தெரசாவிலிருந்தே வரவேண்டும். ஆயினும் பானை வனையும் தொழில் சௌராவுக்கே உரியதாயிருந்தது. பிற தீவினர் வனைந்தால் கேடு விளையும் என்னும் நம்பிக்கை அவ்வுரிமைக்கு வேலியாக நின்றது. சௌரா மகளிர் வனைந்த பானைகள் எல்லாத் தீவுகளுக்கும் சென்றன. நல்ல மரம் வளரும் தென் தீவுகளில் குடைந்த தோணிகளோ சௌராவுக்கு வந்து, அங்கிருந்து கார் நிக்கோபார் மக்கள் கைக்குச் சென்றன. மண்ணும் மரமும் குறைந்த தீவு, மண்ணுக்கும் மரத்துக்கும் சந்தையாயிற்று!

ஆயினும் பண்டமாற்று எப்போதும் நடுநிலையாக நடப்பதில்லை. வெளியிலிருந்து வந்த வணிகர், அரிசியையும் துணியையும் முன்னதாகக் கொடுத்து, இனிக் காய்க்கப்போகும் தேங்காயைக் கடன் கணக்கில் எழுதிக்கொண்டனர். மறுக்கும் உரிமை இருக்கும்வரையே மாற்று மாற்றாகும். கடன் ஏறியபின் விலை சொல்பவர் ஒருவரே. பழங்குடியினரைக் காக்க 1956-இல் பிறந்த ஒழுங்குவிதி, அவர்கள் பகுதியில் உரிமமின்றி வணிகம் செய்வதைத் தடுத்தது இக்காரணம் பற்றியே எனலாம்.

2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை தென்னந்தோப்புகளைப் பெரிதும் அழித்தது. சௌரா மக்கள் சிலகாலம் தெரசாவில் தங்க நேர்ந்தது. தோப்பே கருவூலமாயிருந்தவர்க்கு அது மரத்தின் இழப்பு மட்டுமன்று; கொடுத்துப் பெறும் ஆற்றலின் இழப்புமாகும். பின்னர் உதவியாகப் பணம் வந்தது. பணம் பொருளை வாங்கித் தரும். தீவுக்கும் தீவுக்கும் இடையே பானையும் தோணியும் வளர்த்த உறவைத் தானே வளர்த்துத் தராது.

பிற மாநிலங்களில் வாழும் நாமும் நாள்தோறும் மாற்று வாழ்க்கையே நடத்துகிறோம். நம் கைத்திறனையும் உழைப்பையும் கொடுத்து, அயலாரின் மொழியையும் நட்பையும் பெறுகிறோம். நம்மிடம் மலிந்திருப்பது எது, அவர்க்கு அரிதாயிருப்பது எது என்று அறிந்து கொடுப்பதும், கொடுத்தவர் மறுமுறையும் மகிழ்ந்து வருமாறு நடந்துகொள்வதும் சௌரா நமக்குக் கற்பிக்கும் வணிகமாகும்.