பிரெஞ்சு கிளப்புக்கு ஒரு வாசல், தமிழ் கிளப்புக்கு வேறு வாசல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இப்போது கிளப் பதிவு நேரம். கெடு நெருங்க நெருங்க, அங்குள்ள தமிழ்ப் பெற்றோரின் கடிதங்களும் குவிகின்றன. பிரெஞ்சு, ஸ்பானிஷ் கிளப்புகள் வருடா வருடம் தடையின்றி நடக்கின்றன; பிள்ளைகள் தமிழ் கிளப் கேட்டால் மட்டும் ஏன் இத்தனை விசாரணை?

பள்ளிக் கையேடுகள் மொழி கிளப்பைப் பண்பாட்டுப் பாலம் என்று புகழும். நடைமுறையில் அந்தப் பாலம் பெரும்பாலும் கிரேப் என்ற மெல்லிய பிரெஞ்சுத் தோசை சுடுவதும், காகித பின்யாத்தாவை அடித்து மிட்டாய் உதிர்ப்பதும்தான். இருக்கட்டும். கிளப்பின் தலையெழுத்து பாட அட்டவணையில் இருக்கிறது.

இதற்கு அடிப்படை, 1984-இன் சம அணுகல் சட்டம். மத்திய அரசு நிதி பெறும் ஓர் அரசுப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரே ஒரு மாணவர் குழுவை வகுப்பு நேரத்துக்கு வெளியே கூடவிட்டாலும், பேசும் பொருளைக் காரணம் காட்டி மற்றக் குழுக்களுக்குக் கதவடைக்க முடியாது. எது பாடத்தோடு தொடர்புடையது? சட்டம் அதை விளக்கவில்லை. 1990-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நெப்ராஸ்காவின் வெஸ்ட்சைடு பள்ளியில் ஒரு மாணவி கிறிஸ்தவக் குழு கேட்டார். எங்கள் கிளப்புகள் எல்லாமே பாடம் சார்ந்தவை என்று நிர்வாகம் மறுத்தது: ஸ்கூபா கிளப் உடற்கல்வியோடு, சதுரங்க கிளப் கணிதத்தோடு தொடர்புடையதாம்! நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் இந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. அவர் காட்டிய உதாரணமே பிரெஞ்சு கிளப்தான்: பள்ளி பிரெஞ்சு கற்பித்தாலோ, விரைவில் கற்பிக்க இருந்தாலோ அது பாடம் சார்ந்தது.

அதே மாணவர்கள், அதே கிரேப். பிரெஞ்சு வகுப்பை எடுத்துவிட்டால் கிளப் கட்சி மாறிவிடும். இதன் மறுபக்கம்தான் உறுத்துகிறது. 1996-இல் சால்ட் லேக் சிட்டி கல்வி வாரியம், தன்பாலீர்ப்பு மாணவர்களின் குழுவைத் தடுக்க, பாடம் சாராத கிளப்புகள் அனைத்தையும் மூடியது. சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது. தடை நீங்க 2000 ஆனது.

பெரும்பாலான பள்ளிகளில் தமிழ் வகுப்பு கிடையாது. ஆகவே தமிழ் கிளப்புக்கு, பாடம் சாராத குழுக்களுக்கான இரண்டாவது வாசல்தான். தமிழின் பெருமையை விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, பள்ளியின் கிளப் பட்டியலைப் பாருங்கள். பாடமாக இல்லாத சதுரங்கம் அதில் இருந்தால், வாசல் ஏற்கெனவே திறந்தாயிற்று.

பெற்றோர் நடத்தலாமா? கூடாது, மாணவர்களே தொடங்க வேண்டும், வெளியாட்கள் வாராவாரம் வந்து உட்காரவும் முடியாது.

ஆசிரியர் இருக்கலாமா? மேற்பார்வைக்கு இருக்கலாம்.

தனியார் பள்ளியில்? இந்தச் சட்டம் செல்லாது.

கிளப்பில் சேர்ந்தால், பள்ளி முடிப்போருக்குத் தரும் இருமொழித் திறன் முத்திரை (Seal of Biliteracy) கிடைக்குமா? கிடைக்காது; மொழித் திறனை நிரூபிக்க வேண்டும்.

கெடு தவறினால்? எல்லாக் கிளப்புக்கும் அதே கெடு என்றால், சட்டம் கைகொடுக்காது.