ஆறு மாறினால் உடல்வாகும் மாறும்

'அணை மீனா, கண்மாய் மீனா?' என்று மதுரைக்காரர்கள் கேட்பது ருசிக்காக. மீன் ஆய்வாளர்களும் மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்றே கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உடல்வாகு. ஒரே இனம் ஓர் ஆற்றில் ஒல்லியாகவும் வேறோர் ஆற்றில் அகன்றும் இருக்கக்கூடும்.

வைகைக் கெண்டை தாமிரபரணிக்குப் போக வழியில்லை. இடையில் கிடப்பது வறண்ட நிலம். கடல் வழியே போனால் உப்பு கொன்றுவிடும். இப்படிப் பிரிந்து வாழும் மீன்கள் தலைமுறை தலைமுறையாக விலகிப்போகும். தாமிரபரணியின் கெண்டை ஒன்றை, காவிரிப் படுகையில் வாழும் அருலியஸ் கெண்டையின் துணையினமாகத்தான் 1954-ல் மீன் ஆய்வாளர் இ. ஜி. சைலாஸ் விவரித்தார். இன்று அது தனி இனம்.

அளக்கும் முறை எளிது. மீனைப் பக்கவாட்டில் கிடத்திப் படமெடுத்து, மூக்கு நுனி, முதுகுத் துடுப்பு தொடங்குமிடம், வாலடி என 10 புள்ளிகள் வைப்பார்கள். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்தால் 4 கட்டங்கள், 21 அளவுகள். பெரிய மீன், சின்ன மீன் என்ற வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துவிட்டால் மிஞ்சுவது வடிவம். ஆணையும் பெண்ணையும் கலந்து அளந்தால் எல்லாம் கெட்டது: சினைப்பட்ட பெண் எந்த ஆற்றிலும் வயிறு பெருத்துத்தான் இருக்கும். நம்ம ஊர் அயிரையில் ஆணை நெஞ்சுத் துடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் இரண்டு துடுப்புக் கதிர்கள் ஒன்றாக ஒட்டியிருக்கும்.

இழுப்பில் எதிர்நீச்சல் போட ஒல்லி உடல் உதவும். பாசி மண்டிய தேங்கிய நீரில் சட்டென்று திரும்ப அகன்ற உடல் உதவும். எதிரியும் வடிவத்தை மாற்றும். ஸ்வீடனில் பிரான்மார்க், மைனர் இருவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், பைக் என்ற வேட்டை மீனோடு வளர்ந்த குருசியன் கெண்டைகள், அதன் வாயில் அடங்காதபடி அகன்று வளர்ந்தன. அதுவும் சில மாதங்களில்! ஆகவே வடிவ வித்தியாசத்தை மட்டும் வைத்து வம்சம் வேறு என்று சொல்ல முடியாது. இரண்டு ஆற்று மீன்களின் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில், ஒரே தீனியில் வளர்க்க வேண்டும். அப்போதும் நிலைக்கும் வித்தியாசமே பிறவியில் வந்தது.

வைகைக்கு இந்த அளவீடு அவசரமாகத் தேவை. 1895 முதல், மேற்கே ஓடும் பெரியாற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இங்கே வருகிறது. தண்ணீரோடு மீன் குஞ்சு வரவும் வாய்ப்புண்டு. கண்மாய்களில் விடப்படும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் மீன்கள். இப்படி வெளி மீன்கள் பெருகுவதற்குள், வருசநாட்டு ஓடைகளிலும் சுருளியாற்றிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் கெண்டைகளை, பக்கத்தில் அளவுகோல் வைத்து இப்போதே படமெடுத்து, ஊரும் தேதியும் எழுதி மதுரைக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் பாதுகாக்க வேண்டும்.