ஒரே எண், வேற வேற பவுடர்! தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் அமெரிக்கர்கள் எந்தக் கணக்கை நம்புகிறார்கள்?

ஹாலிவுட் படங்களில் துப்பாக்கி சுட்டதும் பித்தளைக் கூடு ஒன்று தெறித்து விழுமே, கவனிச்சிருக்கீங்களா? அமெரிக்காவில் பலர் அதைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. குப்பையைச் சுத்தம் செய்ய இல்லை. அதே கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்காக!

இதற்கு 'ரீலோடிங்' என்று பெயர். செலவு குறையும், போட்டிகளில் குறி துல்லியமாக இருக்கும் என்பதற்காகச் செய்கிறார்கள். விற்காமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. (இந்தியாவில் கதையே வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இதில் உயிரைக் காப்பதும் பறிப்பதும் ஒரு எண்தான். எவ்வளவு பவுடர் போடணும்?

ஒரு கிரெயின்னா எவ்வளவு?

தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் பிரைமர், பவுடர், முனையில் இருக்கும் புல்லட். பவுடரை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஒரு குண்டுமணி எடையில் ஏறக்குறைய பாதி.

இவ்வளவு சின்ன அளவில் என்ன ஆகிடப் போகுது என்று தோன்றலாம். 9 எம்.எம். லூகர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. நம்ம கார் டயரில் அடிக்கிற காற்று முப்பது, முப்பத்தைந்து. ஆயிரம் மடங்கு! அது வெடிப்பது சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். பவுடர் கொஞ்சம் கூடினால் அழுத்தமும் கொஞ்சம்தான் கூடும் என்கிற கணக்கும் இங்கே செல்லாது. அது சட்டென்று எகிறிவிடும்.

யார் சொன்னால் நம்பலாம்?

அழுத்தத்தை அளந்து பார்த்தவர் சொன்னால் நம்பலாம். 'சாமி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஆயுதத் தயாரிப்பாளர்கள் அமைப்பு (நம்ம சாமி இல்லைங்க!) 1926ல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் உச்ச அழுத்தம் எவ்வளவு என்று அதுதான் வரையறுக்கிறது. ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற பவுடர் நிறுவனங்களும், ஹார்னடி, சியரா போன்ற புல்லட் நிறுவனங்களும் தங்கள் ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்து, அளவுகளை வெளியிடுகின்றன. லைமன் நிறுவனத்தின் கையேடும் பிரபலம். ஹாட்ஜ்டன் தனது அளவுகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

'நான் பத்து வருஷமா இதைத்தான் போடுறேன், ஒண்ணும் ஆகல' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அழுத்தத்தை அளக்கவும் இல்லை. அவருடைய துப்பாக்கி வேறு, உங்களுடையது வேறு.

பெயரில் இருக்கும் பொறி

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், ராணுவத்திடம் மிஞ்சிய பவுடரை மலிவாக வாங்கி விற்றார் புரூஸ் ஹாட்ஜ்டன். அதில் ஒன்றின் பெயர் 4831. பின்னாளில் டியூபாண்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர். 4831 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண் ஒன்றுதான். ஆனால் இது ஹாட்ஜ்டனின் ஹெச் 4831ஐவிட வேகமாக எரியும். மெதுவாக எரியும் பவுடருக்கான அளவில் வேகமானதைப் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 4350 என்ற எண்ணிலும் இதே குழப்பம் இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். ஹெச் 110, வின்செஸ்டர் 296 இரண்டும் பெயர்தான் வேறு, பவுடர் ஒன்றே. (இந்த இடத்தில் எங்களுக்கே தலை சுற்றியது.)

கம்மியா போட்டா சேஃப்தானே?

பொதுவாக, உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவார்கள். ஆனால் ஹெச் 110க்கு அது ஆகாது. 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. குறைந்தால் அந்தப் பவுடர் ஒழுங்காகப் பற்றாது, புல்லட் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

இரண்டு புத்தகத்தில் இரண்டு அளவு ஏன்?

இதில் ஒருவர் தவறு என்று அர்த்தமில்லை. சோதனைக் குழல், பிரைமர், புல்லட், தோட்டாவின் மொத்த நீளம் எல்லாமே வேறாக இருந்திருக்கும். பழைய கையேடுகளில் செம்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளந்தார்கள். இப்போது எலெக்ட்ரானிக் சென்சார் வந்துவிட்டது. அதனால்தான் தாத்தா காலத்துப் புத்தகத்தோடு புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த அளவிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

சரியான புத்தகத்தில் தவறான வரியைப் படித்தாலும் ஆபத்துதான். 38 ஸ்பெஷல், 357 மேக்னம் இரண்டுக்கும் புல்லட்டின் விட்டம் ஒன்று. உச்ச அழுத்தமோ முதலாவதற்கு 17,000 பி.எஸ்.ஐ., இரண்டாவதற்கு 35,000.

கையில் இருக்கும் பவுடரும் புல்லட்டும் சேர்ந்து எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால்? அனுபவசாலிகள் நடுவாக ஒரு எண்ணை ஊகிப்பதில்லை. அந்தப் பவுடரை ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலில் இருக்கும் வேறொன்றை வாங்கி வருகிறார்கள்.