படப்புத்தகத்தில் ஒரு பாட்டி

கனடாவில் வளரும் பேரப்பிள்ளைகளை உடைய பாட்டன் பாட்டிமார் புங்குடுதீவிலே பலர் உளர். ஆண்டுதோறும் செப்டெம்பர் 30 ஆம் நாளையொட்டி அப்பிள்ளைகள் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்து பாடசாலைக்குச் செல்கின்றனர். அந்தப் படம் கைத்தொலைபேசியில் வந்து சேரும்போது, "இது என்ன கொண்டாட்டம்?" என்று இங்கே வினவுவோர் உண்டு. அது கொண்டாட்டமன்று, ஒரு பெருந்துயரை நினைவுகூரும் நாள். அதன் வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், அவ்வரலாற்றிலே ஒரு பாட்டியும் இருக்கின்றாள்.

1973 ஆம் ஆண்டில், பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில், பிலிஸ் வெப்ஸ்ராட் என்னும் ஆறு வயதுச் சிறுமி விடுதிப் பாடசாலைக்குச் சென்றாள். பாட்டி வாங்கிக் கொடுத்த புதிய செம்மஞ்சட் சட்டை அவள் மேனியில் இருந்தது. சென்றவுடனேயே அச்சட்டை களையப்பட்டது. அது அவள் கைக்குத் திரும்பவேயில்லை. அந்தச் சட்டையின் நினைவாகவே 2013 முதல் இந்நாள் அனுட்டிக்கப்படுகின்றது.

அப்பாடசாலைகள் கல்வி புகட்டுவதற்கென்று மாத்திரம் எழுந்தவையல்ல. கனடாவின் முதற்குடி மக்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்வதே அவற்றின் நோக்கம். அரசாங்கம் பணம் கொடுத்தது. பெரும்பாலானவற்றைத் திருச்சபைகள் நடத்தின. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்க வழிசெய்தது. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியிலேதான். 150,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவற்றில் அடைபட்டனர். 4,100 இற்கும் மேற்பட்டோர் அக்காலத்தில் மாண்டனரெனப் பதிவாகியுள்ளது. 2008 ஜூன் 11 ஆம் நாள் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 94 கோரிக்கைகளை முன்வைத்தது. பாலர் வகுப்புத் தொடக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வயதுக்கேற்ற முறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இத்தகைய கொடுமையை எங்ஙனம் எடுத்துரைப்பது? மறைத்தால் அது பொய்யாகும். முழுவதையும் சொன்னால் பிஞ்சு மனம் நடுங்கும். இவ்விடத்தில் ஆசிரியருக்குக் கைகொடுப்பது படப்புத்தகமே.

டேவிட் றொபேட்சன் எழுத, ஜூலி பிளெற் சித்திரம் தீட்டி, 2016 இல் வெளிவந்த நூலொன்று உண்டு. 'நாங்கள் தனித்திருந்த வேளையில்' என்பது அதன் பெயரின் பொருள். தோட்டத்திலே பேத்தி பாட்டியிடம் கேள்விகள் கேட்கின்றாள். ஏன் இத்தனை வண்ண ஆடைகள்? ஏன் இவ்வளவு நீண்ட கூந்தல்? ஏன் கிறீ மொழியிற் பேசுகின்றீர்கள்? பாட்டி அமைதியாக விடை பகர்கின்றாள். பாடசாலையிலே எல்லோருக்கும் ஒரே நிற உடை, கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. ஆயினும், தனித்திருந்த வேளைகளிலே பிள்ளைகள் இலைகளால் உடலை அலங்கரித்தனர். புல்லைக் கூந்தலோடு பின்னினர். தம் மொழியில் மெல்லப் பேசிக்கொண்டனர். அச்சமூட்டும் காட்சி ஒன்றேனும் அந்நூலில் இல்லை. ஆனால், ஒரு குழந்தைக்கு எவையெவை இன்றியமையாதன, அவை பறிபோனால் எப்படியிருக்கும் என்பது வாசிக்கும் பிள்ளைக்கு விளங்கிவிடுகின்றது.

நம் யாழ்ப்பாணத்திலும் மிஷன் விடுதிப் பாடசாலைகள் இருந்தன. 1823 இல் வட்டுக்கோட்டையிலும், 1824 இல் உடுவிலிலும் அமெரிக்க மிஷனரிமார் அவற்றை நிறுவினர். மாணாக்கருக்கு அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கத்தின் சான்றுகள். எனினும் இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. இங்கே பிள்ளைகளைப் பறித்துச் செல்லச் சட்டம் இருக்கவில்லை. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தோடு தமிழும் ஆழமாகக் கற்பிக்கப்பட்டது. அந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையே பின்னாளில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என 1886 இல் எழுதி வெளியிட்டார். பெயர் மாறியது, மொழி மாறவில்லை.

மெலனி புளோறன்ஸ் எழுதிய, 2017 இல் வெளிவந்த மற்றொரு படப்புத்தகம் நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. தாத்தாவைக் கிறீ மொழியில் எவ்வாறு அழைப்பது என்று பேத்தி கேட்கின்றாள். தாத்தாவுக்கு அச்சொல் நினைவில் இல்லை. பாடசாலை அதனைக் களவாடிவிட்டது. பேத்தியே கிறீ மொழிப் புத்தகம் ஒன்றைத் தேடிக் கொணர்ந்து அவர் கையிற் கொடுக்கின்றாள்.

ரொறொன்ரோவிலும் மார்க்கத்திலும் வளரும் நம் பிள்ளைகளின் தமிழை எவரும் தடைசெய்யவில்லை. ஆயினும் அங்கேயும் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. வன்முறையால் இழந்தவர் தேடி மீட்கும் செல்வத்தை, தடையேதுமில்லாத நாம் கவனக்குறைவால் இழக்கலாமா?

ஆகவே, தீவிலுள்ள பாட்டன் பாட்டிமாரே, அடுத்த முறை பேரப்பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, "செம்மஞ்சட் சட்டையின் கதையை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பாடசாலையிற் கற்றதைத் தமிழிற் சொல்லப் பிள்ளை சற்றே திணறும். பொறுத்திருந்து, வேண்டிய சொல்லை எடுத்துக் கொடுங்கள். பிறகு நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள்: பனங்கிழங்கு அவித்த கதை, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறிய கதை. கேட்டதைப் பிள்ளை படமாக வரையட்டும். அப்படத்தின் கீழே தமிழில் ஒரு வரி எழுதுவிப்பது பெற்றோரின் பொறுப்பு. பத்துப் படங்கள் சேர்ந்தால் அதுவும் ஒரு புத்தகமே.